அடுக்களையும் இஃதிபாரும்

முஸ்லிம் அறிவியல் மேதைகளின் பெயர்ப்பட்டியல் இல்லாத மீலாது மலர் அரிது. ஜாபிர் இப்னு ஹய்யான், அர்ராஸீ, இப்னுல் ஹைதம், அல்பீரூனீ என்று பட்டியல் தொடங்கும். இன்னார் இன்னதைக் கண்டுபிடித்தார் என்று வரிசை நீளும். ஐரோப்பா இவர்களுக்குக் கடன்பட்டது என்ற பெருமிதத்தோடு கட்டுரை நிறைவுறும். பட்டியலில் உள்ள மிகைகள் ஒருபுறம் இருக்கட்டும். ஜாபிரின் பெயரால் வழங்கும் நூற்றொகுதி முழுவதும் ஒருவர் கைப்பட்டதுதானா என்பதில் ஆய்வாளரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. சிறு துளை வழியே ஒளி புகுந்து பிம்பம் தலைகீழாக விழுவதை இப்னுல் ஹைதமுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சீனத்தார் குறித்து வைத்திருந்தனர். ஆனால் நம்மை உறுத்துவது இவையல்ல. அம்மேதைகள் எதைக் கண்டார்கள் என்று எழுதும் நாம், எப்படிக் கண்டார்கள் என்று எழுதுவதில்லை. அவர்கள் செய்ததை நம் இல்லங்களில் ஒருமுறையேனும் செய்து பார்ப்பதும் இல்லை.

செய்து பார்க்கப் பெரும்பொருள் வேண்டுமோ என்றால், வேண்டா. அவர்கள் கையாண்டவற்றுள் பல அடுக்களையில் இருப்பவை. விழுப்புரம் மாவட்டம் முகையூரில் உறவினர் இல்லத்திற்கு விடுமுறையைக் கழிக்க வந்த பிள்ளைகளோடு அவற்றுள் சிலவற்றை நாம் செய்து பார்த்தோம். பிள்ளைகள் கேட்ட கேள்விகள் நம்மை மீண்டும் நூல்களிடம் துரத்தின. அந்தத் தேடலில் கிட்டியவற்றையே ஈண்டு வாசகர் முன் வைக்கிறோம்.

விளக்குகளும் ஒரு துளையும்

ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' எனும் ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் பெருநூலை இயற்றினார். அதன் முதற் பாகத்தில் ஓர் ஆய்வு வருகிறது. இருண்ட அறை ஒன்று. அதற்கு ஒரு துளை. துளைக்கு வெளியே, ஒரே இடத்தில் அன்றிப் பல இடங்களில் விளக்குகளை வைக்க வேண்டும். எத்தனை விளக்குகளோ அத்தனை ஒளிப்பொட்டுகள் அறையின் உட்சுவரில் விழும். இப்போது ஒரு விளக்கை மட்டும் மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். திரையை விலக்கினால் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். எல்லா விளக்குகளின் ஒளியும் அந்த ஒரே துளை வழியேதான் நுழைகிறது. அவை அங்கே கலந்துவிடுவனவாயின், உள்ளே தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிய இயலாது. ஆகவே ஒளிகள் ஒன்றோடொன்று கலவாமல் தத்தம் நேர்கோட்டில் செல்கின்றன என்று அவர் நிறுவுகிறார்.

இதை முகையூரில் செய்ய எமக்குத் தேவைப்பட்டவை ஒரு காலணிப் பெட்டி, எண்ணெய் தடவிய ஒரு வெள்ளைத்தாள், மூன்று மெழுகுவர்த்திகள், ஓர் ஊசி. பெட்டியின் ஒரு பக்கத்தில் துளையிட்டு, எதிர்ப்பக்கத்தை வெட்டி நீக்கி அங்கே எண்ணெய்த்தாளை ஒட்டினோம். இரவில் விளக்கணைத்த கூடத்தில் மெழுகுவர்த்திகளை வரிசையாக ஏற்றிவைத்துத் தாளின் பின்னிருந்து நோக்கினால் மூன்று சுடர்கள் தெரிந்தன, மூன்றும் தலைகீழாக. இடக்கோடியில் உள்ள மெழுகுவர்த்தியை மறைத்தால் எந்தச் சுடர் மறையும் என்று, மறைப்பதற்கு முன்னரே பிள்ளைகளைச் சொல்லச் செய்தோம். இடக்கோடிச் சுடர் என்றே அனைவரும் கூறினர். மறைந்ததோ வலக்கோடியில் இருந்தது. நான்காம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி, "நன்னா, அதைத் திரும்ப எடுங்க, இப்ப நான் மறைக்கிறேன்" என்று அட்டையை வாங்கிக்கொண்டாள். அதன்பின் நமக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அச்சிறுமி செய்ததற்கு இப்னுல் ஹைதம் ஒரு சொல் வைத்திருக்கிறார்: இஃதிபார். செய்பவர் முஃதபிர். அரபுமொழி பயின்றோர் இச்சொல்லின் வேரை நன்கறிவர். ஐன், பா, ரா எனும் மூலத்தின் அடிப்படைப் பொருள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடத்தல் என்பதாம். ஆற்றைக் கடப்பதும் அது. கனவிலிருந்து அதன் பொருளுக்குக் கடக்கும் 'தஃபீர்' அது. எண்ணத்திலிருந்து சொல்லுக்குக் கடக்கும் 'இபாரத்' அது. நிகழ்ந்ததிலிருந்து படிப்பினைக்குக் கடக்கும் 'இப்ரத்' அது. திருக்குர்ஆனின் ஹஷ்ர் அத்தியாயத்து இரண்டாம் வசனத்தில் வரும் ஏவலும் இவ்வேரினதே. உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் கியாஸுக்கு ஆதாரமாக அவ்வசனத்தை எடுத்தாள்வதை மதரஸாவில் ஓதிய அனைவரும் அறிவர். அறிந்த சட்டத்திலிருந்து அறியாத நிகழ்வுக்குக் கடப்பது கியாஸ். கண்ட பொட்டிலிருந்து காணாத ஒளிப்பாதைக்குக் கடப்பது இப்னுல் ஹைதமின் இஃதிபார். சோதித்தறிதல் எனும் பொருளில் இச்சொல்லை ஆண்ட முதல்வர் அவர் அல்லர். வானியலாரிடம் அது முன்னமே வழங்கிற்று. எனினும் நிலைமைகளை ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றத்தின் விளைவைக் கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்லும் ஒழுங்கான முறைமையாக அதை நிலைநிறுத்தியவர் அவரே. பிற்காலத்தில் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, 'இஃதிபார்' என்ற இடத்தில் ஆய்வு, பரிசோதனை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே வைக்கப்பட்டது. 1572இல் பாஸல் நகரில் அது அச்சேறியது.

ஒரு வேறுபாட்டை இங்கே வலியுறுத்த விரும்புகிறோம். பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டுகிறோம் என்ற பெயரில் ஆப்பசோடாவில் காடியை ஊற்றி நுரை பொங்கச் செய்வதும், எலுமிச்சம்பழத்தில் கம்பி செருகி விளக்கெரிப்பதும் இன்று பெருவழக்கு. பார்த்தவர் வியப்பர், கைதட்டுவர், கலைவர். அது வேடிக்கை. அதே நுரையைப் பொங்கச் செய்து, சோடாவை இரு மடங்காக்கினால் நுரையும் இரு மடங்காகுமா, காடியைச் சூடாக்கினால் என்னாகும், காடிக்கு மாறாகப் புளிக்கரைசலை ஊற்றினால் பொங்குமா என்று கேட்டு, விடையை முன்கூட்டிச் சொல்லிப் பின் செய்து பார்த்தால் அது இஃதிபார். பொருள்கள் இரண்டுக்கும் ஒன்றே.

கலீயும் குர்குமும்

வேதியியலுக்கு வருவோம். ரய் நகரத்து மருத்துவர் அபூபக்ர் அர்ராஸீ (ஹி. 251-313) தம் 'கிதாபுல் அஸ்ரா'ரில் பொருள்களையும் கருவிகளையும் வகைப்படுத்துகிறார். இரகசியங்கள் என்ற தலைப்பைப் பார்த்து மந்திர தந்திரங்களை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். உலை, துருத்தி, அகப்பை, இடுக்கி, சல்லடை, உரல், பானை என்று கருவிப்பட்டியல் செல்கிறது. வாலை வடிக்கும் கலமாகிய 'அன்பீக்'கை நீக்கிவிட்டால், அது ஒரு பெருங்குடும்பத்துச் சமையற்கட்டின் சாமான் கணக்கே எனலாம்.

அப்பட்டறையிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற சொற்களுள் 'அல்கலி' ஒன்று. காரப்பொருள்களுக்கு இன்று உலகம் முழுதும் வழங்கும் அச்சொல்லின் மூலம் 'அல்கலீ'. உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலுக்கு அது பெயர். அதன் வேரோ 'கலா' – வறுத்தான், பொரித்தான். அடுக்களை வினை ஒன்று வேதியியலின் அடிப்படைச் சொல்லாயிற்று. நம் நாட்டிலும் வண்ணார் உவர்மண் கொண்டு துணி வெளுத்ததும், நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் இதே காரத்தின் துணையால்தான். சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு வினைபுரிந்து அதை நீரில் கரையும்படி மாற்றுகிறது.

காரத்தைக் கண்ணுக்குக் காட்டித்தருவது மஞ்சள். மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் தமிழகத்தில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளிலுள்ள நிறமிக்குக் குர்குமின் என்று பெயர். அப்பெயருக்கு அடி, குங்குமப்பூவுக்கும் மஞ்சளுக்கும் அரபியில் வழங்கும் 'குர்கும்'. காரம் பட்டால் அது செம்மை கொள்ளும். புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். நிறம் மாறும் தாவரச்சாறுகளைக் கொண்டு அமிலம், காரம் எனப் பிரித்தறியும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதியவராக இராபர்ட் பாயிலைச் சொல்வர். 1664இல் வெளியான நிறங்கள் பற்றிய தம் நூலில் அவர் பயன்படுத்தியது ஊதாப்பூச் சர்பத். அன்று மருந்தாக அருந்தப்பட்ட பாகு அது. நம் யூனானி மருந்தகங்களில் 'ஷர்பத்தே பனஃப்ஷா' என்று இன்றும் விற்கப்படும் வகையைச் சேர்ந்தது. அதில் புளிப்பு விழுந்தால் சிவந்தது. காரம் விழுந்தால் பசுமை கொண்டது. நம் வீட்டு வாயிலிற் பூக்கும் செம்பருத்தியின் சாறும் ஏறத்தாழ அவ்வாறே நடந்துகொள்ளும்.

முகையூரில் இதனைச் சற்று நீட்டிப் பார்த்தோம். அவ்வில்லத்து மூதாட்டி, எல்லாச் சாம்பலும் ஒன்றன்று என்பவர். தேங்காய் மட்டைச் சாம்பல் பிசுக்கை எடுக்கும்; உமிச்சாம்பல் பல் துலக்கத்தான் ஆகும்; வறட்டிச் சாம்பல் இடைப்பட்டது என்பது அவர் அனுபவம். பள்ளி செல்லாத அவர்தம் கூற்றைச் சோதிப்பதென்று பிள்ளைகள் முடிவு செய்தனர். மூன்று சாம்பலிலும் ஒரே அளவு எடுத்து, ஒரே அளவு நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மஞ்சள்நீர் தோய்த்து உலர்த்திய தாள் துண்டுகளை நனைத்தனர். மட்டைச் சாம்பல் நீர் தாளை அடர்சிவப்பாக்கியது. உமிச்சாம்பல் நீரில் மாற்றம் மங்கலாகவே இருந்தது. கண்ணளவு போதாது என்று எண்ணிய பெரியவன் ஒருவன், ஒவ்வொரு சாம்பல்நீரிலும் சிறிது மஞ்சள் கலந்து, சிவப்பு நீங்கி மஞ்சளாகும்வரை எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினான். மட்டைச் சாம்பலுக்கு மிகுந்த சொட்டுகள் தேவைப்பட்டன. மேனிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழல்களைக் கொண்டு நிகழ்த்தும் நடுநிலையாக்கற் சோதனையும் இதுவே. தேங்காய் மட்டையில் பொட்டாசியம் மிகுதி; உமிச்சாம்பலிற் பெரும்பகுதி மணலின் இனமாகிய சிலிக்கா. மூதாட்டி இதை முன்னரே தம் கையால் அறிந்திருந்தார். சொட்டு எண்ணும் வழிதான் புதிது.

அவ்வட்டாரத்துக்கே உரிய மற்றொரு காட்சியும் உண்டு. கரும்பு விளையும் ஊர்கள் அவை. வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையில், கொதிக்கும் சாற்றில் சுண்ணாம்பு நீர் விடுவார்கள். கரும்புச்சாறு இயல்பில் சிறிது புளிப்புத்தன்மை உடையது, சுண்ணாம்பு அதை நடுநிலைப்படுத்த, கசடுகள் திரண்டு நுரையாக மேலே வரும், அகப்பையால் அள்ளிவிடுவர். சுண்ணாம்பு குறைந்தால் வெல்லம் இறுகாது; கூடினால் கறுக்கும். அளவு, தொழிலாளியின் கண்ணில் இருக்கிறது. அப்பிள்ளைகள் பலமுறை கொட்டகைக்குச் சென்று சூடான பாகு வாங்கித் தின்றவர்கள்தாம். மஞ்சள்தாளோடு ஒருமுறை சென்றபோதுதான் சுண்ணாம்பு எதற்கென்று கேட்டனர். (சுண்ணாம்பும் செறிந்த சாம்பல்நீரும் கண்ணில் பட்டால் ஊறு விளைவிக்கும், பெரியவர் ஒருவர் உடனிருந்தே இவற்றைச் செய்ய வேண்டும். கொதிக்கும் கொப்பரைக்கு அருகே பிள்ளைகளை விடவே கூடாது.)

கமாலுத்தீன் அல்ஃபாரிஸீயைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. குத்புத்தீன் அஷ்ஷீராஸீயின் மாணவரான அவர், ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னுல் ஹைதமின் நூலுக்கு விளக்கவுரை எழுதும்போது வானவில்லின் காரணத்தைத் தேடினார். மழைத்துளியைக் கையில் பிடித்து ஆராய இயலாதே! ஆகவே நீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் கலம் ஒன்றைப் பெருந்துளியாகக் கொண்டு, இருண்ட அறையில் அதன்மீது ஒளி விழச்செய்து, ஒளி உள்ளே சென்று முறிந்து, எதிரொளித்து, மீண்டும் முறிந்து வெளிவருவதைத் தொடர்ந்தார். அதே ஆண்டுகளில் ஜெர்மனியைச் சேர்ந்த தியோடரிக் எனும் பாதிரியார், இவரை அறியாமலே அதே முறையில் அதே முடிவை எட்டியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இருவரும் கையிலெடுத்தது ஒரு நீர்க்குடுவை.

கதவுக்கு வெளியே நின்றவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆய்வு அடுக்களையை விட்டு வெளியேறியது. 1820களில் ஜெர்மனியின் கீஸன் நகரில் லீபிக் மாணவர்களுக்கென வேதியியல் ஆய்வுக்கூடம் நடத்தினார். பல்கலைக்கழகந்தோறும் அது பரவியது. தராசுகள் நுண்மையாயின, பயிற்சி ஒழுங்காயிற்று. இவை பெரும் நன்மைகள். ஆயினும் ஆய்வுக்கூடத்திற்குக் கதவு உண்டு. கதவு இருந்தால் உள்ளே விடப்படாதவர்களும் இருப்பார்கள். இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பயின்ற ஏழைப் பிள்ளையாகிய மைக்கேல் ஃபாரடே எவ்வாறோ உள்ளே நுழைந்தார். நுழைந்தபின், சிறார்க்கென நிகழ்த்திய கிறிஸ்துமஸ் விரிவுரைகளில், வீட்டிலுள்ள ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே வேதியியல் முழுவதையும் சொல்லிக் காட்டினார். அணைத்த திரியிலிருந்து எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரியன்று, மெழுகின் ஆவியே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நுழையவே முடியாதவர் ஆக்னஸ் பொக்கல்ஸ். 1862இல் பிறந்த இவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பெற்றோருடன் வாழ்ந்தார். இயற்பியலில் தீராத வேட்கை கொண்ட அவருக்குப் பல்கலைக்கழகம் திறந்திருக்கவில்லை. அன்று அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணுவதும் வீட்டு வேலையும் அவர் பொறுப்பாயின. இளையவர் ஃபிரெடரிக் பல்கலைக்கழகம் சென்று இயற்பியலாளரானார். தமக்கைக்குத் தம் பாடநூல்களைக் கொடுத்துதவினார். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சோப்பும் படும்போது நீர்ப்பரப்பு நடந்துகொள்ளும் விதத்தை ஆக்னஸ் கூர்ந்து நோக்கலானார். இருபது வயதளவில் ஒரு தகரத் தொட்டியைச் செய்துகொண்டார். நிரம்பிய நீரின் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினால் பரப்பு விரியும், சுருங்கும். ஒரு சிறு பொத்தானை நீர்ப்பரப்பில் படியவைத்து, அதைத் தூக்கியெடுக்கத் தேவையான விசையைத் தராசில் அளந்தார். நீர்ப்பரப்பில் படலமாகப் பரவிய அழுக்கு ஒரு குறிப்பிட்ட பரப்புக்குள் நெருக்கப்படும்போது பரப்பு இழுவிசை திடீரென மாறுவதை அவர் கண்டார்.

பத்தாண்டுகளாக அதை வெளியிட வழியில்லை. 1891 ஜனவரியில், இதே துறையில் ஆய்ந்துகொண்டிருந்த இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். ரேலி செய்தது போற்றத்தக்கது. அம்முடிவுகளைத் தம் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பாக ஆக்கிவிடாமல், கடிதத்தை மொழிபெயர்க்கச் செய்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாளிதழில் ஆக்னஸின் பெயராலேயே அது வெளியாயிற்று. அத்தகரத் தொட்டியைச் செப்பம் செய்து அமெரிக்காவின் லாங்மியூர் நிகழ்த்திய பரப்பு ஆய்வுகளுக்கு 1932இல் நோபல் பரிசு கிட்டியது. ஆக்னஸுக்கு அதே 1932இல், எழுபதாம் வயதில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்விக்கூடம் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது.

தட்டில் நீர் விட்டு மிளகுத்தூளைத் தூவி, விரல்நுனியில் சோப்பு தொட்டு நடுவில் வைத்தால் தூள் முழுவதும் விளிம்புக்கு ஓடும். எல்லாச் சிறுவர் நூல்களிலும் இது உண்டு. சோப்பு பட்ட இடத்தில் நீர்ப்பரப்பின் இழுவிசை குறைய, சுற்றிலும் உள்ள நீர் தன்பால் இழுத்துக்கொள்கிறது என்பது விளக்கம். ஆக்னஸைப் பற்றிய குறிப்பு அந்நூல்களில் இராது. நம் பெண்பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுவோர் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது நம் விருப்பம்.

ஹோஷங்காபாத் முதல் மரக்காணம் வரை

நம் நாட்டில் மூடிய கதவைத் திறக்க முயன்றவர்களின் வரலாறு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் தொடங்குகிறது. 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு அமைப்புகள் 16 அரசு நடுநிலைப்பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. ஆய்வுக்கூடமில்லாத கிராமப்பள்ளியில் மனப்பாடத்தை நீக்கி, சுற்றுப்புறத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பிள்ளைகள் தாமே ஆய்வு செய்து முடிவு காண்பதே பாடம். 1982இல் உருவான ஏகலைவ்யா எனும் நிறுவனம் அதைப் பல மாவட்டங்களுக்கு விரித்தது. முப்பதாண்டுகள் நடந்தபின் 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. அக்காலத்தில் எழுந்த வாதங்களை இங்கே விரிக்க இடமில்லை. விடையைப் பிள்ளையே கண்டறியட்டும் என்னும் கல்வியைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு அளந்தால் அது தோற்றே தீரும் என்பது நம் கருத்து.

அத்திட்டத்தின் விதைகள் வெளியே விழுந்தன. கான்பூர் ஐஐடியில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா 1978இல் தம் பணியிலிருந்து விடுப்பெடுத்து ஹோஷங்காபாத் சென்றார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டுகளையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்யலாம் என்று அவர் காட்டியது, கணிதப் பாடத்தைப் பல்லாயிரம் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தது. பழைய செய்தித்தாள், உறிஞ்சுகுழல், தீப்பெட்டி இவையே அவருடைய ஆய்வுக்கூடம். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழகத்தில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இப்பணியைத் தமிழில் மேற்கொண்டது; 1987இல் 'துளிர்' எனும் சிறுவர் அறிவியல் மாத இதழைத் தொடங்கியது. எளிய சோதனைகளைத் தமிழில் படிக்க விரும்பும் பெற்றோர் அவ்விதழின் பழைய தொகுதிகளைத் தேடிப் பார்க்கலாம்.

1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான விழுப்புரம் மாவட்டத்துக்கு இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடே வகுப்பறை. கைப்பேசி இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. விடுபட்டதை ஈடுசெய்யத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளின் வீட்டருகே கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், 2021 அக்டோபர் 27 அன்று இம்மாவட்டத்தின் மரக்காணம் அருகேயுள்ள முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் 'வானவில் மன்றம்' தொடங்கிற்று. அரசுப்பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை பயிலும் மாணவர்களிடம் எளிய ஆய்வுப்பொருள்களோடு கருத்தாளர் சென்று செய்து காட்டும் திட்டம் அது. திண்ணையிலும் வகுப்பறையிலும் அரசு கொண்டுவந்து வைக்கும் ஒன்றை, நம் அடுக்களையில் நாம் ஏன் தொடராமல் விடுகிறோம் என்ற கேள்வி எழுகிறது. மரக்காணம் என்றதும் உப்பளம் நினைவுக்கு வரும். பாத்தியில் கடல்நீர் வற்றி உப்புப் படிகமாவதை ஒரு தட்டில் வெயிலில் வைத்துப் பார்க்கலாம். தட்டை ஆட்டாமல் மெல்ல வற்றவிட்டால் படிகம் பெரிதாகிறதா, விரைவில் வற்றினால் பெரிதாகிறதா என்று இரண்டு தட்டுகளை வைத்தால் இஃதிபார் வந்துவிடும்.

நமது மதரஸாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தர்ஸே நிஸாமி பாடத்திட்டத்தில் அஸீருத்தீன் அல்அப்ஹரீயின் 'ஹிதாயத்துல் ஹிக்மா' இடம்பெற்றது. அதன் ஒரு பகுதி இயற்கைப் பொருள்களைப் பற்றியது. இயக்கம் என்றால் என்ன, வெற்றிடம் உண்டா இல்லையா என்று அங்கே நுட்பமான வாதங்கள் உள. நாமும் அவற்றை ஓதினோம்; உரைக்கு உரை, அதற்கு ஓரக்குறிப்பு என்று நாள்கணக்கில் விவாதித்தோம். வெற்றிடத்தைப் பற்றி அத்தனை வாதிட்ட வகுப்பில், நீர் நிறைந்த குவளையின் வாயை ஓர் அட்டையால் மூடிக் கவிழ்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அரபு நூல்களைக் காத்தளித்த அப்பெரியோர்க்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் இப்னுல் ஹைதமின் மொழியை வைத்துக்கொண்டு அவர் கையை விட்டுவிட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பது ஈமானுக்கு ஊறாகுமோ என்று அஞ்சும் பெற்றோரும் உளர். ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பாளரின் சொல்லை ஏற்குமுன் அவர் யார், எவரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா என்று ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. அவ்வாராய்ச்சியை எவரும் ஐயவாதம் என்று சொன்னதில்லை.

பெண்களுக்கான அரபுக் கல்லூரிகள் இன்று தமிழகமெங்கும் உள்ளன. விடுதியுள்ள ஒவ்வொன்றிலும் பெரிய அடுக்களை ஒன்றுண்டு. உப்பு, புளி, மஞ்சள், ஆப்பசோடா, எலுமிச்சை, சாம்பல் எல்லாம் அங்கே இருக்கும். வியாழன் பிற்பகல் பெரும்பாலும் பாடமில்லை. இயற்பியல் ஆசிரியை ஒருவரை நியமிக்கப் பொருள் இல்லை எனும் நிருவாகிகளும் காலணிப் பெட்டிக்கும் மூன்று மெழுகுவர்த்திகளுக்கும் வழி காணலாம். 'கிதாபுல் மனாழி'ரின் அரபு மூலம் அச்சில் கிடைக்கிறது. விளக்குச் சோதனை வரும் பகுதி நடை எளியது. மூன்றாமாண்டு மாணவி அகராதியின் துணையோடு தானே படித்துச் சொல்ல இயலும். அவள் வாசிக்க, மற்றொருத்தி விளக்கை மறைக்கட்டும்.